33 அங்குல டயருக்கு இரண்டரை அங்குல லிப்ட் கிட்

31 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 மாட்டியதும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் ஃபெண்டரின் உள்விளிம்பில் டயர் உரசி ரப்பர் துருவல் உதிர ஆரம்பித்தது. அதனால்தான் வண்டியின் உடலை உயர்த்தும் இந்த லிப்ட் கிட். ஸ்பிரிங்கோடு சேர்த்து வைக்கும் வெறும் ஸ்பேசர் கட்டை மலிவு, ஆனால் பழைய ஷாக்கோடுதான் (அதிர்வைத் தணிக்கும் உருளை) ஓட்ட வேண்டும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்ததை எடுத்தேன், பள்ளத்தில் குதிப்பது நன்றாகவே குறைந்தது. குறை என்னவென்றால் கிட்டில் ஆக்ஸிலைச் சட்டத்தோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம் கிடையாது, காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து வேகமெடுத்தாலே வண்டி அலைந்தது, முன் ஆக்ஸிலும் ஒரு பக்கம் தள்ளி நின்றது. நீளத்தை மாற்றக்கூடிய அட்ஜஸ்டபிள் ஆர்மும், ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் டிராக் பாரும் தனியாக வாங்கித்தான் சரியானது. அப்புறம், ஆக்ஸிலுக்கு அடியில் கூடிய 1 அங்குல இடைவெளி டயர் தந்தது, லிப்ட் தந்ததல்ல. டயர் பெரிதானதால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டினால் ஓடுவது 64. நான்கு அங்குலம் ஏற்றச் சொன்னார்கள், 33க்கு அதெல்லாம் வெட்டிச் செலவு.