சர்க்கரை நோயுள்ள பூனையுடன் இரண்டரை ஆண்டுகள்

எங்கள் பூனை செவலை சிறுநீர் கழிக்கும் மணல் தட்டில் எறும்பு மொய்ப்பதை முதலில் கவனித்தவர் அம்மா. தமக்கே 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பதால், "இதுக்கும் சுகரா இருக்கும்டா, டாக்டர்ட்ட காட்டு" என்று அவர் சொன்னபோது மதுரை திருநகரில் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. குளியலறை வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடிப்பதையும், தட்டு தட்டாகத் தின்றும் இளைப்பதையும் வெயிலின் மீது பழிபோட்டுக் கொண்டிருந்தோம். மாடிப்படியில் பின்னங்கால்களின் குதிகால் பகுதி முழுவதும் தரையில் படிய, குந்தியபடி செவலை நடக்கத் தொடங்கிய பிறகுதான் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரை மிகுந்து நரம்புகள் தளர்ந்ததன் அடையாளம் அந்த நடை என்று அவர் விளக்கினார். அப்போது அதற்கு 10 வயது. கருத்தடை செய்யப்பட்ட, ஆறு கிலோவைத் தாண்டிப் பருத்திருந்த கடுவன் பூனை. இந்நோய்க்கு எளிதில் இலக்காகும் பூனையின் இலக்கணம் அது. போதாததற்கு, தோல் அரிப்புக்காக முன்பு பலமுறை போடப்பட்ட ஸ்டீராய்டு ஊசிகளும் காரணமாக இருந்திருக்கலாம் என்றார்.

மருத்துவமனை மேசையில் 412 காட்டிய அளவை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. பயத்தாலேயே பூனையின் இரத்தச் சர்க்கரை வெகுவாக ஏறிவிடும் என்பதால், முந்தைய இரண்டு வார அளவிலான சராசரியைக் காட்டும் ஃபுருக்டோசமைன் சோதனையையும் எடுத்த பிறகே, 12 மணி நேர இடைவெளியில் நாளுக்கு இருமுறை ஒவ்வொரு யூனிட் கிளார்ஜின் இன்சுலின் எழுதிக் கொடுத்தார். காலை 7, மாலை 7 என்று நாங்கள் வகுத்துக்கொண்டோம்.

ஊசி போடுவதுதான் கடினம் என்று அஞ்சினோம். நான்காம் நாளே அந்த அச்சம் போய்விட்டது. தின்றுகொண்டிருக்கும்போது விலாப் பக்கத் தோலைக் கூடாரம்போல் தூக்கி, அதன் அடியில் செலுத்தினால் பூனை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உண்மையான சிரமம் அளவில் இருக்கிறது. நம் ஊர் மருந்துக் கடைகளில் ஒரு மில்லியில் 40 யூனிட் கொண்ட இன்சுலினும் 100 யூனிட் கொண்டதும் அருகருகே விற்கின்றன. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. கிளார்ஜின் 100 யூனிட் வகை. முதல் ஆண்டின் சித்திரை மாதத்தில், அளவு இரண்டு யூனிட்டாக உயர்ந்திருந்த வேளையில், சிரிஞ்சு தீர்ந்து, கடைக்காரர் எடுத்துக் கொடுத்த சிவப்பு மூடியை என் தம்பி சரிபார்க்காமல் வாங்கி வந்தான். நானும் சரிபார்க்காமல் இரண்டு என்ற கோடு வரை ஏற்றினேன். உள்ளே போனது ஐந்து யூனிட். சில மணி நேரத்தில் செவலை கள் குடித்ததுபோல் தள்ளாடி, சுவரையே வெறித்துக்கொண்டு நின்றது. சர்க்கரை அளக்கும் மீட்டர் வெறும் 41 காட்டியது. ஈறில் தேனைத் தடவியபடியே ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அன்று இரவு முழுவதும் குளுக்கோஸ் ஏற்றி மீட்டோம். கடைக்காரரைத் திட்டித் தீர்த்தாலும், மூடியின் நிறத்தைப் பார்க்காத பிழை எங்களுடையதே. அன்று முதல் அரை யூனிட் கோடுகள் உள்ள 0.3 மில்லி சிரிஞ்சுகளை மட்டும், தீரும் முன்பே வாங்கி வைக்கிறோம். இப்போதைய அளவு ஒன்றரை யூனிட் என்பதால் அந்த அரைக் கோடு இல்லாமல் எங்களுக்கு வேலை ஓடாது.

வீட்டில் இரத்தம் பார்ப்பதற்கு அம்மாவின் குளுக்கோமீட்டரையே பயன்படுத்துகிறோம். மனிதருக்கான மீட்டர் பூனையின் இரத்தத்தில் உண்மை அளவைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும் என்றாலும், ஒரே மீட்டரை விடாமல் பயன்படுத்திக் குறித்துவந்தால் ஏற்றஇறக்கம் தெளிவாகத் தெரிகிறது. இட்லித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து காது மடலில் சிறிது நேரம் ஒற்றினால் விளிம்போர இரத்தக்குழாய் புடைத்துக்கொள்ளும். ஒரு குத்தில் துளி வந்துவிடும். தோலில் ஒட்டும் சென்சாரையும் ஒருமுறை முயன்றோம். நான்காம் நாள் சோபாவின் அடியில் கிடந்தது. அந்தச் செலவை மறுபடி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

உணவு மாற்றத்தில் வீடே இரண்டுபட்டது. பாலும் தயிர்ச்சோறும் தின்று வளர்ந்த பூனை அது. அவற்றை நிறுத்தியதைவிட, உலர் உணவையும் நிறுத்தியதுதான் எங்களுக்கு வியப்பாக இருந்தது. அந்த உருண்டைகள் உருப்பெறுவதற்கே மாவுச்சத்து வேண்டும் என்பதால், புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் ஆகியவற்றைக் கூட்டி 100இலிருந்து கழித்துப் பார்த்தால் மிஞ்சுவதே மாவுச்சத்து என்ற பொட்டலத்தின் உண்மை தெரிந்துவிடும். மீனையும் அவித்த கோழியையும் மட்டுமே கொடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தோம். டாரின் முதலிய சத்துகள் போதாமல் போகும் என்று மருத்துவர் தடுத்தார். ஈர உணவுப் பொட்டலங்கள்தான் மிச்சம். மாதச் செலவு 5,000 ரூபாயைத் தொடுகிறது. அதில் பாதிக்கு மேல் இவற்றுக்கே போகிறது. இன்சுலினைப் பொறுத்தவரை 10 மில்லி குப்பி வாங்குவது வீண்; 3 மில்லி கார்ட்ரிட்ஜில் இருக்கும் 300 யூனிட்டிலேயே, திறந்த 28 நாளில் நாங்கள் பயன்படுத்துவது 84 யூனிட்தான்.

மதுரை வெயிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களில், குளிர்பெட்டியில் இருக்கும் இன்சுலின் கார்ட்ரிட்ஜை எவர்சில்வர் டப்பாவில் இட்டு, தண்ணீர் நிறைந்த மண்பானையின் வாயில் ஈரத்துணியோடு இறுத்தி வைக்கிறோம். உறைபனி அறையின் அருகே மட்டும் வைத்துவிடக் கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது.

தொடக்கத்திலேயே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாத நிலை வரும் என்பதால், நாங்களும் ஆறு மாதம் அந்த நம்பிக்கையில் இருந்தோம். செவலைக்கு அது வாய்க்கவில்லை. ஆனால் நடை நிமிர்ந்துவிட்டது. மாடியின் கைப்பிடிச் சுவரில் மீண்டும் ஏறி உட்கார்கிறது. இழந்தது எங்கள் இரவுப் பயணங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை பார்க்கப் போனாலும், வீட்டில் ஒருவர் ஏழு மணிக்காகத் தங்கிவிட வேண்டியிருக்கிறது.

வரும் ஆடி அமாவாசைக்கு அப்பாவின் திதிக்காக அனைவரும் இராமேசுவரம் போகிறோம். முன்பெல்லாம் யாருக்கும் தெரியாமல் செவலைக்கு பிஸ்கட் போட்டு எங்களிடம் ஏச்சு வாங்கிய பக்கத்து வீட்டு அக்கா, ஒரு வாரமாகத் தினமும் மாலையில் வந்து, சாத்துக்குடிப் பழத்தில் தண்ணீரை ஊசியால் ஏற்றிப் பழகிக்கொண்டிருக்கிறார். அரைக் கோட்டைப் பார்க்கத் தம் கண்ணாடியை எடுத்துவர இன்றும் மறந்துவிட்டார்.