கத்திக்கு ரப்பர் பிடியா, ஹைலம் பிடியா?

போன மே மாதம் தோட்டத்து மோட்டார் அறையில் மாட்டியிருந்த கத்தியை எடுத்தேன். பிடி கழன்று வரவில்லை, அதற்குப் பதிலாகக் கை பிடியோடு ஒட்டிக்கொண்டது. தகரக் கூரைக்குக் கீழே இரண்டு கோடை கிடந்த கத்தி. வாங்கும்போது புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு வைத்த கறுப்பு ரப்பர் பிடி, எடுத்தவுடனே "இதுதாம்லே பிடி" என்று தோன்றும். இப்போது பலாச்சுளை உரித்த விரல் மாதிரி பிசுபிசுக்கிறது, சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

வெயிலை மட்டும் குறை சொல்லக் கூடாது, தப்பு என் பேரிலும் இருக்கிறது. ரப்பர் என்று நாம் சொல்கிற பிடிகளில் பெரும்பாலானவை மரத்துப் பாலில் செய்தவை இல்லை, சூடாக்கி அச்சில் வார்க்கிற டிபிஇ என்ற நெகிழ்வான பிளாஸ்டிக். ஷெல் நிறுவனம் 1960களில் கொண்டுவந்த கிராட்டான் இந்த இனத்தில் பேர்போனது. சூட்டில் இளகுகிற குணம் இருப்பதால்தான் அச்சுக்கே வருகிறது. இந்த வகைக்கு எண்ணெயும் மண்ணெண்ணெயும் ஆகாது, உறிஞ்சி உப்பிவிடும். நாமோ வாழைக்காய் அறுக்கும்போது கறை பிடிக்காமல் இருக்கக் கையில் தேங்காய் எண்ணெய் தடவுகிறோம், அலகில் கறை ஏறினால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கிறோம். அதே துணி பிடியிலும் படத்தானே செய்யும்!

சரி, எதிர்க்கட்சியான ஹைலத்துக்கு வருவோம். கத்திப் பிடிக்கு மைக்கார்ட்டா, ஜி10 என்று இணையத்தில் பெரிதாகப் பேசுகிறார்களே, அதில் மைக்கார்ட்டா நமக்குப் பழைய ஆள்தான். துணியையோ காகிதத்தையோ அடுக்கடுக்காகப் பினாலிக் பிசினில் நனைத்து, அழுத்திச் சுட்டுக் கெட்டியாக்கிய பலகை அது. 1907-ல் பேக்லேண்ட் கண்டுபிடித்த பேக்லைட்தான் அந்தப் பிசினுக்கு மூலம். வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி மின்சாரக் காப்புக்காக இந்தப் பலகையைச் செய்து மைக்கார்ட்டா என்று பேர் வைத்தது. நம் ஊரில் மோட்டார் காயில் கட்டுகிற கடைக்காரரிடம் ஹைலம் ஷீட் என்று கேட்டால் புரியும், அதே சாதிப் பொருள். ஜி10-இல் துணிக்குப் பதில் கண்ணாடி இழை, பினாலிக்குப் பதில் எபாக்ஸி என்ற வேறொரு பிசின், கிட்டத்தட்ட சர்க்யூட் போர்டு செய்கிற அட்டை. இரண்டுமே ஒரு தடவை இறுகிவிட்டால் மறுபடி உருகாது. மோட்டார் அறைச் சூடெல்லாம் இவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அதனால் ஹைலம்தான் ஜெயித்தது என்று முடித்துவிட முடியாது. உவரியில் இருக்கும் என் அத்தான் சூரை மீன் அறுக்கும்போது பார்த்தேன். கை முழுக்க ரத்தமும் வழுவழுப்பும், அந்தக் கையில் பாலிஷ் போட்ட ஜி10 பிடியைக் கொடுத்தால் விலாங்கு மாதிரி நழுவும். அவர் வைத்திருப்பது ரப்பர் பிடிதான், அசையாமல் நிற்கிறது. மீன் எண்ணெய் படுமே என்று கேட்டேன். "தெனமும் சோப்பு போட்டுக் கழுவி நெழல்ல போடுதேன், மூணு வருசமா நல்லாத்தான் இருக்கு. போனா போகட்டும்டே, என்ன பெரிய வெலையா?" என்றார். மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வெட்டு வேலைக்கும் ரப்பர் சுகம், மட்டை கொத்தும்போது அதிர்ச்சியைப் பாதி வாங்கிக்கொள்ளும், ஹைலம் அப்படியே முழங்கை வரைக்கும் ஏற்றிவிடும்.

ஆனால் விடியற்காலைப் பனியில் மணிக்கணக்கில் வாழை இலை அறுத்துப் பாருங்கள். ரப்பர் தோலைப் பிடித்து இழுக்கும், வெயில் ஏறுவதற்குள் பெருவிரல் அடியில் கொப்புளம் வந்துவிடும். துணி ஹைலம் இங்கேதான் வேலையைக் காட்டுகிறது: ஈரம் பட்டால் பருத்தி நூலின் நுனிகள் லேசாக எழும்பி, காய்ந்திருந்ததைவிட நன்றாகப் பிடிக்கும். மினுமினுப்பாகத் தேய்த்துவிட்டால் மட்டும் இந்தக் குணம் வராது. காகித ஹைலத்தில் எப்படித் தேய்த்தாலும் வராது. நான் முதலில் செய்த பிடி காகித ஷீட், அதையும் கண்ணாடி மாதிரி பளபளவென்று தேய்த்துவைத்தேன். பார்க்க அழகு, தண்ணீர் பட்டதும் சோப்புக்கட்டி. துணி ஷீட்டில் 120-ஆம் நம்பர் உப்புத்தாளோடு நிறுத்திக்கொண்டால் போதும். தண்ணீர் விட்டுத் தேயுங்கள், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், ஜி10 என்றால் கட்டாயம், கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கனமும் ஜி10-க்குக் கூடுதல்.

நடுவழியாக மோரா கம்பேனியன் என்ற கத்தி மாதிரி, உள்ளே கெட்டிப் பிளாஸ்டிக், கை படுகிற இடத்தில் ரப்பர் என்றும் கிடைக்கிறது. மீனுக்கும் சமையலுக்கும் நல்லது, மண்ணெண்ணெய்த் துணியை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

என் பிசுபிசுப்புக் கத்தியை ஆசாரியிடம் கொண்டுபோனேன். ரப்பரை அறுத்து எடுத்துவிட்டு உள்ளே பார்த்தவர் சிரித்தார். "இத எங்க வாங்குனிய அண்ணாச்சி? உள்ள வாலு பென்சில் கனந்தான் கெடக்கு." வால் என்றால் அலகிலிருந்து பிடிக்குள் போகிற இரும்பு. பலகை ஒட்டி ரிவெட் அடிக்க அதில் இடமே இல்லை. அலகு முழு அகலத்தில் பிடிக்கடைசி வரை போகிற கத்தியென்றால் இரண்டு பக்கமும் ஹைலம் வைத்து, அரால்டைட் தடவி, மூன்று பித்தளை ஆணியில் முடித்திருக்கலாம், பிடி உடைந்தாலும் இன்னொன்று மாட்டலாம். ஆக, பிடி எதுவென்று கேட்பதற்கு முன்னால் வால் எதுவரை போகிறது என்று கேட்டிருக்க வேண்டும். கடைசியில் கருவேலங்கட்டையைக் குடைந்து, பூண் போட்டு ஏற்றிக் கொடுத்தார். என் பையில் இருந்த ஹைலம் ஷீட்டைத் தட்டிப் பார்த்து, "இது வேண்டாம்னா இங்கனயே போட்டுட்டுப் போங்க, பாக்குவெட்டிக்கு ஆகும்" என்றார்.