கெல்ஸ் சுவடிப் பெட்டி: மை பிரமாதம், தோல் சுமார், தங்கம் வேண்டவே வேண்டாம்

கொட்டான் கூடை, ஆத்தங்குடிக் கல், பழைய எனாமல் சட்டி என்று விற்றுக்கொண்டிருக்கும் காரைக்குடிக் கைவினைக் கடை ஒன்றில் புதுச் சரக்கு ஒன்று வந்திருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு மேல் பழமையான, கையால் எழுதி வண்ணம் தீட்டிய கிறிஸ்தவச் சுவடிகளான அயர்லாந்தின் கெல்ஸ் நூல், இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் நற்செய்தி நூல் ஆகியவற்றின் பாணியில் ஒரு பக்கத்தை நாமே எழுதி வண்ணம் தீட்டுவதற்கான பெட்டி. விலை 5,200 ரூபாய். உள்ளே 20 × 28 செ.மீ. அளவில் இரண்டு ஆட்டுத்தோல் ஏடுகள், மூன்று வான்கோழி இறகுகள், 30 மி.லி. மை, ஆறு பொட்டலம் வண்ணப்பொடி, தங்க ரேக்கு, மேடு கட்டும் பசை, கவராயம், கார்பன் தாள், மாதிரிப் படங்கள், தமிழில் ஒரு கையேடு. தங்க ரேக்கும் பசையும் இல்லாத சின்னப் பெட்டி 2,900 ரூபாய்.

முதலில் மை. பெட்டியிலேயே உருப்படியான பொருள் இதுதான். மாசிக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சிய அசல் இரும்பு மை. கெல்ஸ் நூலின் எழுத்துக்கும் பெரும்பாலும் இதே வகை மைதான். எழுதும்போது வெளிறிய சாம்பல் நிறமாக இருக்கும். மை நீர்த்துவிட்டதோ என்று பயந்து மறுபடி மேலே இழுக்கக் கூடாது. காற்றுப் பட்டதும் இரும்பு நிறம் மாறி, மறுநாளுக்குள் கறுத்துவிடும். குப்பி தீர்ந்தால் பெட்டி வாங்கிய கடைக்குப் போக வேண்டியதில்லை, எந்த நாட்டு மருந்துக் கடையிலும் மூன்று சாமானும் கிடைக்கும். பிள்ளை மருந்துக்கு உரசும் மாசிக்காய் 30 கிராம் எடுத்து ஒன்றிரண்டாக இடித்து 300 மி.லி. தண்ணீரில் மூன்று நாள் ஊறவிட்டு வடிகட்டுங்கள். அதில் அன்னபேதி 20 கிராம், கருவேலம் பிசின் 15 கிராம் கரையுங்கள். கறுப்பு போதவில்லை என்று அன்னபேதியைக் கூட்டுகிறவர்கள் உண்டு. கூடுதல் இரும்பும் அமிலமும் நாளடைவில் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் கட்டி, கடைசியில் ஏட்டையே அரித்துவிடும். பிசின் குறைந்தால் மை பரவும், கூடினால் இறகில் ஒட்டிக்கொண்டு இறங்காது.

இறகுகள் நல்ல நீளம், ஆனால் பதப்படுத்தாதவை. அப்படியே சீவி எழுதினால் சில வரிகளிலேயே முனை மெத்தென்று விரிந்துவிடுகிறது. ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டு, தண்டின் உள்ளே கடலை வறுக்கும் மணலைச் சூடாக நிரப்பி, வெளியேயும் அதே மணலில் செருகிச் சில விநாடி வைத்தால் போதும். பால் நிறத் தண்டு கண்ணாடிபோல் தெளிந்து கெட்டிப்படும். மணல் மிகவும் சூடாகிவிட்டால் தண்டு கொப்புளித்து நொறுங்கும். பிறகு சரிவாக ஒரு வெட்டு, நடுவில் ஒரு கீறல், இரு பக்கமும் தோள் சீவல், கடைசியாகக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து முனையை ஒரே அழுத்தில் நறுக்க வேண்டும். கையேட்டில் இறகை 45 பாகை சாய்த்துப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது பிற்காலக் கோதிக் எழுத்துக்கு உரிய பிடி. கெல்ஸிலும் லிண்டிஸ்பார்னிலும் உள்ள வட்ட எழுத்துக்கு முனையின் விளிம்பு ஏறக்குறைய வரிக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். அப்போதுதான் நெடுங்கோடுகள் தடித்தும் கிடைக்கோடுகள் மெலிந்தும் வரும். 45 பாகையில் எழுதிய பக்கம் பார்க்க அழகாகவே இருக்கும், ஆனால் ஐந்நூறு வருடம் தள்ளிப் போயிருக்கும்.

தோல்தான் பெட்டியின் பலவீனம். மூல நூல்கள் கன்றுத்தோலில் எழுதப்பட்டவை. கெல்ஸ் நூலில் இன்று மிஞ்சியிருக்கும் 340 ஏடுகளுக்கே ஏறக்குறைய 185 கன்றுகள் ஆகியிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். இங்கே ஆட்டுத்தோல் தந்திருப்பதில் குற்றமில்லை, ஆட்டுத்தோலில் எழுதிய ஐரோப்பியச் சுவடிகளும் ஏராளம். சிக்கல் வேறு: இது மேளத்துக்கு இழுத்துக் காயவைத்த தோல். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து மயிர் களைந்ததோடு நிறுத்திவிட்டார்கள். சட்டத்தில் இறுக்கிக் கட்டி, பிறைக் கத்தியால் சுரண்டி, மறுபடி இறுக்கி, மறுபடி சுரண்டி மெலிதாக்கும் வேலை நடக்கவில்லை. கைக்கு வந்த ஏடுகளில் ஒன்று அரை மில்லிமீட்டர் தடிமன். எழுதும் ஏடு அதில் பாதி இருந்தால் போதும்.

கொழுப்பும் முழுதாகப் போகவில்லை. ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். மை முத்து முத்தாக உருண்டால் கொழுப்பு இருக்கிறது. பஞ்சில் பட்டதுபோல் பரவினால் அந்த இடம் அதிகமாகச் சுரண்டப்பட்டிருக்கிறது. முதலாவதற்கு மருந்து உண்டு. சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவி உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்து, ஓர் இரவு விட்டுத் தட்டிவிடுங்கள். பிறகு 400 எண் உப்புத்தாளால் லேசாக ஓட்டி, மீண்டும் கொஞ்சம் பொடி. இரண்டாவதற்கு வழியில்லை, அந்த இடத்தைத் தவிர்த்து வரி போடுவதே நல்லது. மயிர்ப்பக்கம் சற்று மஞ்சளாக, துளைப் புள்ளிகளோடு இருக்கும், சதைப்பக்கம் வெளுப்பு. புதிதாகப் பழகுகிறவர்கள் மயிர்ப்பக்கத்தில் தொடங்கலாம், தப்பைக் கத்தியால் சுரண்டி எடுப்பதும் அங்கே எளிது.

ஐப்பசி அடைமழையில் இந்தத் தோல் சுருண்டுகொள்ளும், சித்திரை வெயிலில் விறைத்துக்கொள்ளும். வெயிலில் உலர்த்துவதும் இஸ்திரி போடுவதும் கூடவே கூடாது. பலகையில் நான்கு ஓரமும் பின்குத்தி வைத்து வேலை செய்யுங்கள்.

படத்தை ஏட்டுக்கு மாற்றக் கார்பன் தாள் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தொடாதீர்கள். அதிலுள்ள மெழுகு படிந்த இடத்தில் நீர் கலந்த வண்ணம் ஒட்டாது. லிண்டிஸ்பார்ன் நூலில் ஏட்டின் பின்பக்கத்தில் கவராய முனைக் குத்துகளும் ஈயக்கோல் கோடுகளும் இன்றும் தெரிகின்றன. அதை எழுதியவர் என்று சொல்லப்படும் ஈட்ஃப்ரித் 698 முதல் 721 வரை அங்கே ஆயராக இருந்தவர். பின்னால் வரைந்து, வெளிச்சத்தில் பிடித்து, முன்னால் தீட்டியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. மெல்லிய ஏடாக இருந்தால் கண்ணாடிக்கு அடியில் ஒரு எல்இடி விளக்கு வைத்து நாமும் அதையே செய்யலாம். பெட்டியில் உள்ள கவராயம் நல்ல தரம், முனை கூர்மை.

பின்னல் வேலையை நம் ஊர்ப் பெண்கள் கையேட்டைப் படிக்காமலே பாதி புரிந்துகொள்வார்கள். இதுவும் சிக்குக் கோலம்போலப் புள்ளிக் கட்டத்தில் பிறப்பதுதான். ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, எங்கே பின்னல் திரும்ப வேண்டுமோ அங்கே குறுக்கே ஒரு சிறு தடுப்புக் கோடு போட்டால் மற்றக் கோடுகள் தாமாக வளையும். கோலத்தில் இழைகள் சும்மா வெட்டிக்கொள்ளும், இங்கே இழைக்கு அகலம் உண்டு. ஒன்றின் மேல் ஏறினால் அடுத்ததன் கீழ் இறங்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை மேலே ஏறியிருந்தால் முந்தைய சந்திப்பில் பிழை என்று பொருள். மை போடுவதற்கு முன்னால் ஈயக்கோலிலேயே முழுச் சுற்றும் சரிபார்த்துவிட வேண்டும்.

வண்ணங்களுக்கு வருவோம். ஈயச் சிந்தூரம், மஞ்சள் அரிதாரம், தாமிரக் களிம்பு, அவுரி நீலம், சுண்ணாம்பு வெள்ளை ஆகிய ஐந்தும் சரியான தேர்வு. யார் தேர்ந்தெடுத்தார்களோ, விஷயம் தெரிந்தவர்தான். ஆனால் அரிதாரம் ஆர்செனிக் சேர்மம், சிந்தூரம் ஈயம். இரண்டையும் பெருங்காயப் பொட்டலம்போல மடித்து, எச்சரிக்கையாக ஒரு வரிகூட அச்சிடாமல் போட்டிருக்கிறார்கள். இது மன்னிக்கக்கூடிய குறையல்ல. முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, வீட்டு அம்மியில் அரைக்கக் கூடாது, தூரிகை முனையை வாயில் வைத்துக் கூராக்கக் கூடாது, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம். ஆத்தங்குடிக் கல் போடுகிறவர்கள் பயன்படுத்தும் மஞ்சள், சிவப்பு இரும்பு ஆக்சைடுகள் மாற்றாக உதவும். பளபளப்பு குறையும், பயம் இல்லை. அசல் பொடிதான் வேண்டும் என்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அரிதாரத்தைச் சிந்தூரத்தோடோ களிம்போடோ கலக்கவோ ஈரத்தில் உரசவிடவோ கூடாது, கறுத்துப் போகும். களிம்பு தனியாகவே ஆபத்து. ஈரம் பட்டால் தோலை அரிக்கும்.

ஆறாவது பொட்டலம் ‘லாபிஸ் லசூலி நீலம்’ என்று சொல்கிறது. பொடியைப் பார்த்தால் துணிக்குப் போடும் நீலத்தின் சாதி. பர்மாவுக்குக் கப்பலேறிய ஊருக்கு, ஆப்கானிஸ்தான் மலையிலிருந்து அயர்லாந்து மடத்துக்கு இந்த நீலக் கல் போன கதை இனிக்கத்தான் செய்யும். பழைய புத்தகங்களும் அப்படியே எழுதின. ஒளியைப் பாய்ச்சிப் பொருளை அடையாளம் காணும் ராமன் நிறமாலை முறையில் சோதித்தபோது லிண்டிஸ்பார்ன், கெல்ஸ் இரண்டிலும் கிடைத்தது இண்டிகோதான். அங்கே அது வோட் என்னும் செடியிலிருந்து வந்தது, நம் அவுரியில் இருப்பதும் அதே சாயப்பொருள். ஆக ஐந்தாவது பொட்டலம் சரி, ஆறாவதைத் தூக்கிப் போடலாம்.

பொடியைப் பிடிக்க முட்டை வெள்ளை. கையேடு பச்சை வெள்ளையை அப்படியே கலக்கச் சொல்கிறது. அது நூல் நூலாக இழுத்துத் தூரிகையைக் கெடுக்கும். சுவர்ப் பூச்சுக்கே முட்டை வெள்ளை சேர்த்த ஊரில் இந்தத் தவறு நடந்திருக்க வேண்டாம். கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு நுரையாக அடித்து, மூடி ஓர் இரவு வைத்தால் அடியில் தண்ணீராக ஒரு திரவம் தேங்கும். அதை மட்டும் எடுத்துப் பொடியோடு குழையுங்கள். குளிர்பெட்டியில் வைக்காவிட்டால் இந்த ஊர் வெக்கைக்குச் சீக்கிரமே நாறிவிடும். எழுத்தைச் சுற்றி வைக்கும் செம்புள்ளிகளுக்கான சிந்தூரம் கனமானது, அடியில் தங்கும். நாலைந்து புள்ளிக்கு ஒரு முறை கலக்கிக்கொள்ள வேண்டும்.

தங்கம்? கெல்ஸ் நூலில் தங்கமே கிடையாது. பொன்போல் ஒளிர்வது அரிதாரம். லிண்டிஸ்பார்னில் மிகச் சிறு இடங்களில் மட்டும் உண்டு. அந்தக் காலத்துத் தங்கம் பார்க்க வேண்டுமானால் பிராங்கியர் அரசர் சார்லமேனுக்காக 781க்கும் 783க்கும் இடையில் எழுதிய கோடெஸ்கால்க் நற்செய்தி நூலுக்குப் போக வேண்டும். அதுவும் ஊதாச் சாயமிட்ட தோலில் பொன் மையாலும் வெள்ளி மையாலும் எழுதியது. மேடு கட்டி ரேக்கு ஒட்டியதல்ல. பசை மேட்டின் மேல் ரேக்கு ஒட்டி மினுக்குவது சில நூற்றாண்டுகள் கழித்துப் பரவிய வழக்கம்.

காலக்குழப்பத்தைப் பொறுத்துக்கொண்டாலும் பசை வேலை செய்யவில்லை. இது தஞ்சாவூர் ஓவியத்துக்கு மேடு கட்டும் கலவை: சுக்காங்கல் பொடியும் பிசினும். பலகையில் ஒட்டிய துணிக்கு அது அருமை. தோல் மழைக்கு ஒரு பக்கம், வெயிலுக்கு ஒரு பக்கம் அசைகிறது. சர்க்கரையோ தேனோ இல்லாத பசையில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் நெகிழ்வு இல்லாததால் ஏட்டை ஒருமுறை வளைத்ததும் விரிசல் விட்டு, ரேக்கோடு பெயர்ந்து வருகிறது. ரேக்கும் பித்தளைக் கலப்பு, கறுக்கும்.

ஆகவே 5,200 ரூபாய்ப் பெட்டி வேண்டாம், 2,900 ரூபாய்ப் பெட்டியை வாங்கலாம். அதில் மை, கவராயம், மாதிரிப் படங்கள் மூன்றுக்குமே அந்தக் காசு தகும். கடையில் ரசீதோடு போனால் எழுதாத தோலை மாற்றித் தருகிறார்கள், முகம் சுளிக்கவில்லை. வாங்கும்போதே பெட்டியைத் திறக்கச் சொல்லி, இரண்டு ஏடுகளையும் வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். விரல் நிழல் சீராகத் தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம், திட்டுத் திட்டாக இருந்தால் அடுத்த பெட்டியைக் கேளுங்கள்.