ஒன்பதாவது வளைவில் நழுவிய கியர்: பழைய ஆட்டோமேட்டிக் காருடன் எட்டு வருடம்

ஏற்காடு மலைப்பாதையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவைத் திரும்பி, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தேன். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற வேண்டிய நேரம். எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் 2,000-லிருந்து 3,000-ஐத் தாண்டி எகிறியது. வண்டியில் இழுவையே இல்லை. ஒரு வினாடி கழித்து, பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி ஒரு வெட்டு. அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. "என்ன கண்ணு, கல்லு மேல ஏறிருச்சா?" என்றார் பின்சீட்டில் இருந்த அம்மா. அது 2023 ஏப்ரல். மீட்டரில் 1,25,000 கிலோமீட்டர்.

வண்டி 2009 மாடல் பெட்ரோல் செடான். ஐந்து கியர் உள்ள டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக், அதாவது எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் வகை. 2017-ல் 58,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இடது முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு என்னால் நாள் முழுக்க கிளட்ச் மிதிக்க முடியாது. சேலத்து ஐந்து ரோடு சந்திப்பில் சாயங்காலம் ஊர்ந்து போகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். இன்று 1,46,000 கிலோமீட்டர். ஊருக்குள் லிட்டருக்கு 9, பெங்களூரு ரோட்டில் 13 தருகிறது. அம்மா ஏற்காடு மலை மேல் நாகலூரில் இருப்பதால் மாதம் இரண்டு மூன்று முறையாவது மலை ஏறிவிடும். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். அடிவாரம் தாண்டியதும் இருபது வளைவுகள். ஒரு கியர்பாக்ஸைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கிளட்ச் மிதி இல்லாத எல்லா வண்டியையும் நம் ஊரில் ஆட்டோமேட்டிக் என்றே சொல்கிறோம். 2014-ல் மாருதி செலிரியோ காரோடு பரவ ஆரம்பித்த ஏஎம்டி வேறு. அதில் சாதாரண மேனுவல் பெட்டிக்கு மேல் கிளட்சையும் கியரையும் ஒரு இயந்திரக் கை மாற்றுகிறது. சிவிடி, இரட்டை கிளட்ச் என்ற மற்ற வகைகளும் வேறு. நான் எழுதுவது எண்ணெய் அழுத்தத்தால் கியர் மாறும் டார்க் கன்வெர்ட்டர் பெட்டியைப் பற்றி. ஏஎம்டி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில் போன ஒர்க்ஷாப்பில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டதும், "பாக்ஸ் போயிருச்சுங்க. இறக்கி ஓவர்ஹால் பண்ணணும், 1,35,000 ஆகும்" என்றார்கள். இரண்டாவது இடத்தில் கியர் ஆயிலின் அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்துவிட்டு, குறைவாக இருக்கிறது என்று அரை லிட்டர் ஊற்றினார்கள். அதற்குப் பிறகு ரிவர்ஸிலிருந்து, முன்னே போவதற்கான டி-க்குப் போட்டால் இரண்டு வினாடி தாமதம். நிலைமை இன்னும் மோசமானது.

சேலத்து மெக்கானிக்குகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. லாரி கியர்பாக்ஸை ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்து மாட்டி, விடியும்போது லோடு ஏற்ற அனுப்புகிற கைகள் இங்கே இருக்கின்றன. ஆனால் பழைய ஆட்டோமேட்டிக் அவர்களிடம் எப்போதாவதுதான் வருகிறது. அதனால் வண்டி என்ன சொல்கிறது என்பதை உரிமையாளர்தான் கவனித்து எடுத்துப் போக வேண்டியிருக்கிறது. நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி டேஷ்போர்டில் போட்டேன். என் வண்டியைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

வெட்டு வந்த ஒவ்வொரு முறையும், ஓரம் கட்டி நிறுத்திய பிறகு எழுதினேன். கிளம்பி எத்தனை நிமிடம் ஆயிற்று, எந்தக் கியரிலிருந்து எதற்கு, கால் லேசாக மிதித்திருந்ததா அழுத்தமாகவா, ஏசி ஓடியதா, ஹெட்லைட் எரிந்ததா. ஐந்து வாரத்தில் 23 குறிப்புகள் சேர்ந்தன. ஒரு ராத்திரி உட்கார்ந்து வரிசையாகப் படித்தேன். முதல் பதினைந்து நிமிடத்துக்குள் ஒரு தடவைகூட வரவில்லை. எல்லாமே இரண்டிலிருந்து மூன்று. லேசாக மிதித்தபோதுதான் அதிகம். அழுத்தி மிதித்தால் ஒழுங்காக மாறியது. ஏசி, வைப்பர், ஹெட்லைட் மூன்றும் ஓடிய மழை நாள் சாயங்காலத்தில் மட்டும் ஆறு குறிப்பு.

மூன்றாவது கியரைப் பிடிக்கப் பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தகடுகள் தேய்ந்திருந்தால், பாரம் ஏறும்போதுதான் அதிகம் வழுக்கும். அழுத்தி மிதித்தால் நிலைமை மோசமாக வேண்டும். இங்கே தலைகீழாக இருந்தது. அப்படியென்றால் தகடுகளைவிட, அவற்றுக்கு எண்ணெய் அனுப்பச் சொல்லும் மின்பக்கத்தின் மேல்தான் சந்தேகம் போக வேண்டும். ஏசி, ஹெட்லைட் எல்லாம் ஓடும்போது கூடுவதும் அதே பக்கம்தான் கை காட்டியது.

நோட்டோடு மூன்றாவதாக ஒரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர், சின்னக் கொட்டகை. நோட்டை முழுக்கப் படித்துவிட்டு, "இப்படி யாரும் எழுதிக்கிட்டு வந்ததில்லைங்க" என்றார். "முதல்ல ஆயிலைப் பார்ப்போம், அப்புறம் கரண்ட்டு, கடைசியாத்தான் பெட்டி" என்று வரிசை போட்டார்.

எண்ணெயின் அளவிலேயே முதல் தவறு தெரிந்தது. என் வண்டியில் பெட்டி நன்றாகச் சூடானபின், எஞ்சினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள் குச்சியைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டிய வண்டிகள் நிறைய உண்டு. குச்சியே இல்லாதவையும் உண்டு. வண்டியோடு வந்த மேனுவல் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் யாரையும் எண்ணெய் ஊற்ற விடாதீர்கள். முந்தைய இடத்தில் குளிர்ந்த பெட்டியில் பார்த்து ஊற்றியதால் அளவு மீறி, சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கியிருந்தன. நுரையில் அழுத்தம் நிற்காது. அந்த இரண்டு வினாடித் தாமதத்துக்கு அதுதான் காரணம்.

வடிகால் போல்ட்டை அவர் கழற்றிய நிமிடம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பழைய டீ டிகாஷன் நிறத்தில் வந்தது. கருகிய வாடை இல்லை. போல்ட்டின் நுனியில் ஒரு காந்தம் இருக்கும். அதில் ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பசையை அவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்து, என் விரலிலும் தடவினார். தண்ணீரில் குழைத்த விபூதி மாதிரி வழுவழுவென்று இருந்தது, நெருடவே இல்லை. "இது தேய்மானம். வயசுக்கு வர்றதுதான். துகள் நெருடினாத்தான் பயப்படணும்." 1,35,000 ரூபாய் பயம் அங்கேயே பாதி இறங்கிவிட்டது.

ஒரு தடவை வடித்தால் 2.8 லிட்டர்தான் வரும். கன்வெர்ட்டருக்குள்ளும் சேர்த்து மொத்தம் ஆறரை லிட்டர் இருப்பதால் பாதிக்கு மேல் பழையதே தங்கிவிடும். அதனால் வடித்து, நிரப்பி, நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து என்று மூன்று முறை செய்தோம். கணக்குப் போட்டால் பழைய எண்ணெய் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மேனுவலில் சொன்ன வகை எண்ணெயைத் தவிர வேறு எதையும் ஊற்றவில்லை. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கும் எண்ணெயை என் பெட்டியில் ஊற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

அடுத்து கரண்ட்டு. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மல்டிமீட்டரின் ஒரு முனை, கியர்பாக்ஸ் உடம்பில் மறுமுனை. ஸ்டார்ட் செய்தபோது மீட்டர் 0.7 வோல்ட் காட்டியது, 0.2-க்குள் இருக்க வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து பேட்டரிக்குக் கரண்ட்டு திரும்பும் எர்த் பட்டை உள்ளுக்குள் பச்சை பூத்துக் கிடந்தது. புதுசு போட்டதும் 0.1. மழை நாள் குறிப்புகளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் வெயில் நாளிலும் வந்த வெட்டு குறைந்ததே தவிர நிற்கவில்லை.

ஸ்கேனர் மாட்டினோம். மலிவான ஸ்கேனர்கள் எஞ்சினை மட்டும் படித்துவிட்டு பி0700 என்று காட்டும். கியர்பாக்ஸ் கணினியில் ஏதோ பதிவாகியிருக்கிறது, அங்கே போய்க் கேள் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. அதை வைத்துக்கொண்டு பெட்டியை இறக்கச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். கியர்பாக்ஸ் கணினிக்குள் நுழையும் ஸ்கேனரில் பி0848 கிடைத்தது, பிரஷர் சுவிட்ச் சர்க்யூட். மூன்றாவது கியரின் கிளட்சுக்கு எண்ணெய் அழுத்தம் போய்ச் சேர்ந்ததைக் கணினிக்குச் சொல்லும் சின்னப் பித்தளைச் சாமான் அது. சேதி வரவில்லை என்றால் கணினி தடுமாறி, ஒன்று தாமதமாகவோ அல்லது ஓங்கியோ கியரைப் போடும்.

கனெக்டரைக் கழற்றியதும் குழிக்குள் ஒரு சொட்டு எண்ணெய் மின்னியது. அங்கே எண்ணெய் வரவே கூடாது. சுவிட்சுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு விரிசல் விட்டு, சூடேறி எண்ணெய் இளகியதும் கசிந்திருக்கிறது. முதல் பதினைந்து நிமிடம் ஏன் ஒன்றும் வரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அதே வயது என்பதால் நான்காவது கியரின் சுவிட்சையும் சேர்த்து மாற்றினோம்.

எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் ஒன்றும் கிழிந்திருந்தது. கால் பிரேக்கில் அழுத்தமாக இருக்க, டி-யும் ரிவர்ஸும் மாற்றும்போது எஞ்சின் துள்ளுகிறதா என்று ஒருவர் பக்கவாட்டில் நின்று பார்த்தால் போதும்; வண்டிக்கு நேர் முன்னே நிற்க விடாதீர்கள்.

எண்ணெய் 7,650, சுவிட்ச் இரண்டும் 6,400, மவுண்ட் 4,900, எர்த் பட்டை 600, கூலி 3,000. ஆக 22,550 ரூபாய். பேட்டரியைக் கழற்றி மாட்டியதால் கணினி தான் கற்றதை மறந்திருக்கும், ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள் என்றார் மெக்கானிக். அப்படித்தான் ஆனது; முதல் மூன்று நாள் கொஞ்சம் முரடாக மாறியது, அப்புறம் சீரானது.

அதற்குப் பிறகு ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. வெட்டு திரும்ப வரவில்லை. இடையில் ஒரு முறை ஓமலூர் தாண்டி 70-ல் போகும்போது ஒரு நடுக்கம் வந்தது. சீரான வேகத்தில் கன்வெர்ட்டரை எஞ்சினோடு நேராகப் பூட்டும் லாக்-அப் ஆகத்தான் இருக்கும் என்று நெஞ்சு பதறியது. பின்னால் வண்டி இல்லாத இடத்தில் பிரேக்கை லேசாகத் தொட்டேன். அப்படித் தொட்டால் லாக்-அப் விட்டுவிடும். நடுக்கம் நிற்கவில்லை. இக்னிஷன் காயில் ஒன்று போயிருந்தது, மாற்றியதும் சரியானது.

மலை ஓட்டுவதிலும் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். அடிவாரத்திலேயே, மூன்றாவது கியருக்கு மேல் போகாத டி3-க்குப் போட்டுவிடுகிறேன். டி-யிலேயே விட்டால் பெட்டி மேலும் கீழுமாகத் தேடித் தேடிச் சூடாகிறது. இறங்கும்போது இரண்டாவது, பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கிறது.

இன்னும் ஒரு குறை மிச்சம் இருக்கிறது. மார்கழியில் நாகலூரில் ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் எடுத்தால், டி-க்குப் போட்டு ஒரு வினாடி கழித்துத்தான் பிடிக்கிறது. உள்ளே சீல்கள் இறுகியிருக்கலாம் என்கிறார் மெக்கானிக். எஞ்சினை ஒரு நிமிடம் ஓட விட்டுக் கிளப்புகிறேன். அந்தத் தாமதமும் தேதியோடு நோட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டு குளிர்காலமாக ஒரு வினாடிதான், கூடவில்லை. 1,50,000-ல் அடுத்த எண்ணெய் மாற்றும்போது காந்தத்தில் இருப்பதை மறுபடி விரலில் தேய்த்துப் பார்ப்பேன்.