எஸ்க்யூலைட் 'அப்டேட் ஃப்ரம்': மீன் கணக்கில் நீண்ட நாள் ஓட்டிய அனுபவம்

மண்டபம் ஊரில் மீன் எடுக்கும் ஒரு வியாபாரியின் கணக்கு என் பொறுப்பில் இருக்கிறது. எஸ்க்யூலைட் என்ற, ஒரே ஃபைலில் அடங்கும் டேட்டாபேஸில் அதை வைத்திருக்கிறேன். படகு கரைக்கு வந்ததும் என்ன மீன், எத்தனை கிலோ என்று கொள்முதல் டேபிளில் ஏற்றிவிடுவோம். விலை பின்னால்தான் வரும். பாறை, சீலாவுக்கு ஏலத்திலேயே தெரிந்துவிடும். நண்டு, கணவாய்க்குக் கம்பெனிக்காரர்கள் வாய் திறக்க வேண்டும். அந்த விலைகள் தனி டேபிளில் ஏறும். அங்கிருந்து இங்கே கொண்டுவருவது தினசரி வேலை.

முன்பு அப்டேட் கட்டளையில், புது மதிப்பைச் சொல்லும் 'செட்'டுக்குள் சப்குவரி (உள்ளே இன்னொரு தேடல்) எழுதுவோம். அன்றைய பட்டியலில் நண்டு இல்லையென்றால் சப்குவரி நல் (NULL, அதாவது மதிப்பே இல்லை) கொடுக்கும். உத்தேசமாகப் போட்டு வைத்த விலையும் சேர்ந்து காலி. அதைத் தடுக்க அதே நிபந்தனையை 'வேர் எக்ஸிஸ்ட்ஸ்' (பொருந்தும் வரி இருந்தால் மட்டும்) என்று மறுபடி எழுத வேண்டும். 2020இல் வந்த எஸ்க்யூலைட் 3.33 பதிப்பு 'அப்டேட் ஃப்ரம்' கொண்டுவந்து இந்தத் தொல்லையைத் தீர்த்தது. போஸ்ட்கிரெஸ் (சர்வரில் ஓடும் பெரிய டேட்டாபேஸ்) பாணியேதான்:

அப்டேட் கொள்முதல் செட் விலை = வி.விலை ஃப்ரம் விலைப்பட்டியல் ஆஸ் வி வேர் வி.மீன் = கொள்முதல்.மீன் அண்ட் வி.தேதி = கொள்முதல்.தேதி

பொருந்தாத வரிகளை இது தொடுவதே இல்லை. மாறாத விலையைத் திரும்ப எழுதாமலிருக்க, கடைசியில் 'கொள்முதல்.விலை இஸ் நாட் வி.விலை' என்று சேர்த்திருக்கிறேன். 'சமமில்லை' குறி போட்டால் விலை NULL ஆக இருக்கும் வரிகள், அதாவது முக்கியமாக நிரப்ப வேண்டியவையே, தப்பிவிடும்.

பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஒரே தேதியில் ஒரே மீனுக்குக் காலை விலை, மாலை விலை என்று இரண்டு வரி இருந்தால் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். எது என்பதற்கு உத்தரவாதம் இல்லை, எரரும் வராது. போஸ்ட்கிரெஸில் 15ஆம் பதிப்பு முதல் இருக்கும் 'மெர்ஜ்' கட்டளை (ஒரு டேபிளை இன்னொன்றோடு ஒப்பிட்டு மாற்றுவது) இப்படிப்பட்ட இடத்தில் எரர் கொடுத்து நின்றுவிடும். எஸ்க்யூலைட்டில் மெர்ஜ் கிடையாது. அதனால் விலைப்பட்டியலில் தேதி, மீன் இரண்டுக்கும் சேர்த்து யூனிக் இன்டெக்ஸ் போட்டுவிடுங்கள். இரண்டாவது விலை ஏறும்போதே தடுத்துவிடும். பணம் சம்பந்தப்பட்ட டேபிளில் இது இல்லாமல் இந்த வசதியைத் தொடவே கூடாது என்பேன்.

அப்புறம், பாம்பனிலிருந்து பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தனி டேட்டாபேஸ் ஃபைலை 'அட்டாச்' செய்தால் (கூடவே திறந்து இணைத்தால்) அதன் டேபிளையும் 'ஃப்ரம்'மில் நேராகக் கொடுக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும். இன்டெக்ஸ், பேக்கப் வேலைகளை அப்போது பார்த்துக்கொள்கிறேன். ஒரே லேப்டாப்பில் ஓடும் கணக்குக்கு இது போதும். இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் ஏற்றுகிற இடமென்றால் போஸ்ட்கிரெஸுக்கே போய்விடுங்கள்.