வடநெம்மேலியில் நஞ்செடுப்பு: பார்க்க வேண்டிய ஒரு வேட்டை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போகிறவர்களில் பலர், முதலைகளைப் பார்த்த களைப்பில் அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அதே வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் நஞ்செடுப்பு நிகழ்ச்சிக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். தவறாமல் வாங்குங்கள் என்பேன்.

உள்ளே வாய் துணியால் கட்டப்பட்ட மண்பானைகள் வரிசையாக இருக்கின்றன. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கும் அவற்றில் உண்டு. நான் போன அன்று, கொக்கிக் கம்பியால் வெளியே எடுக்கப்பட்ட கண்ணாடி விரியன் ஒன்று குக்கர் போலச் சீறியது. அதன் தலையை இரண்டு விரல்களுக்கிடையே பிடித்து, மெல்லிய உறை கட்டிய கண்ணாடிக் குவளையைக் கடிக்கவைத்ததும், உட்சுவரில் மஞ்சள் துளிகள் வழிந்தன. அவ்வளவுதான் நிகழ்ச்சி, ஆனால் அந்த விரல்களின் நிதானத்துக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது.

இருளர்கள் வேட்டைக்காரர்கள். வயல் வரப்பில் வளை தோண்டி எலி பிடித்தது பசிக்காக. பாம்பைக் கொன்று தோலுரித்தது வியாபாரிகளுக்காக. அந்தத் தோல் வெளிநாடுகளில் கைப்பையாகவும் காலணியாகவும் விற்றது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது, பிடித்தவரின் அடுப்பு அணைந்ததே தவிர, பையை வாங்கியவருக்கு எந்த நட்டமும் இல்லை. 1978-இல் இந்தச் சங்கம் உருவான பிறகு, அதே தடம் பார்க்கும் கண்ணும் அதே கைத்திறனும் நஞ்சுமுறி மருந்துக்குப் பயன்படத் தொடங்கின.

பழைய மாளிகை ஒன்றின் சுவரில், சுட்டவர் பெயரும் தேதியும் பொறித்த புலித்தலையை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு அந்தப் புலியால் பசி தீரவில்லை. பெயர் பொறிக்க ஒரு தலை கிடைத்தது. வேட்டை சரியா தவறா என்று பொதுவாகக் கேட்பதைவிட, அந்த உயிரிடம் வேட்டைக்காரர் எதைத் தேடிப் போனார், தேவை தீர்ந்ததும் நிறுத்தினாரா என்று கேட்பதே நேர்மை என்று நினைக்கிறேன்.

இங்கும் எனக்கு உறுத்தல் இல்லாமல் இல்லை. காட்டு உயிர் சில வாரம் பானைக்குள் அடைபடுகிறது. அதன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. ஆயினும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறை வரையறுக்கிறது. நான்கு முறை நஞ்செடுத்த பின், மீண்டும் பிடிபட்டால் அடையாளம் தெரிவதற்காக வயிற்றுச் செதிலில் குறியிட்டு விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. மருந்துக்குத் தேவையான நஞ்சைப் பாம்பிடமிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது என்பதால், இந்த அளவான வேட்டையை நான் ஏற்கிறேன்.

பார்வையாளர் ஒருவர், அடித்துக் கொன்றுவிட்டு நஞ்சை எடுத்தால் ஆகாதா என்று கேட்டார். செத்த பாம்பு ஒருமுறைதான் தரும், உயிரோடு போனால் வயலில் எலியையும் தின்னும் என்று விளக்குபவர் பொறுமையாகச் சொன்னார். அதற்குள் விரியனின் முன்னால் பானையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். யாரும் அதைத் தள்ளவில்லை. இருட்டைக் கண்டதும் அது தானாகவே உள்ளே போகும்வரை காத்திருந்து, பிறகு துணியைக் கட்டினார்கள்.