ராப்பர்ஸ் டிலைட்டா, தி மெசேஜா?

இந்த இரண்டு ராப் பாடல்களையும் வெளியிட்டது நியூ ஜெர்சியில் சில்வியா ராபின்சன் நடத்திய ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸ். ஒற்றுமை ஏறக்குறைய அதோடு சரி.

1979-இல் ஷுகர்ஹில் கேங் பாடிய ‘ராப்பர்ஸ் டிலைட்’ 14 நிமிடத்துக்கும் மேல் ஓடும் கொண்டாட்டம். அடியில் கேட்கும் பேஸ் கிதார், ஷிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டிலிருந்து எடுத்தது. வழக்கு வரும் என்றதும், அதை எழுதிய நைல் ராட்ஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் பெயர்கள் இந்தப் பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் ஏறின. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி ராப்பர் கிராண்ட்மாஸ்டர் காஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் வரிகளை ஷுகர்ஹில் கேங்கின் பிக் பேங்க் ஹேங்க் பாடினார். காஸின் பட்டப்பெயரைக்கூட மாற்றாமல், எழுத்துக்கூட்டி! ஆனாலும் தெருமுனைக் கலையை அமெரிக்காவின் முதல் 40 பாடல்களுக்குள் நுழைத்தது இதுதான்.

1982-இன் ‘தி மெசேஜ்’ நிதானமாக நடக்கும். உடைந்த கண்ணாடி, எலி, கரப்பான், கடன் வசூலிக்க வருபவர்கள். டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் பெயரில் வந்தாலும், பாடியவர்கள் மெல்லி மெலும் டியூக் பூட்டியும்தான். அமெரிக்கப் பாடல் பட்டியலில் 62-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை.

ஆட முதலாவது, திரும்பத் திரும்பக் கேட்க இரண்டாவது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஒலிப்பதிவுப் பதிவேட்டிலும் ‘தி மெசேஜ்’தான் முந்தியது, 2002-இலேயே. மற்றது 2011 வரை காத்திருந்தது.